வெள்ளியா புதனா? பைபிள்ல 'மூணு நாள்' எப்படி எண்ணப்படுது

நீங்க கேட்டத நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் இதுதான். இயேசுவ வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடக்கம் பண்ணி ஞாயித்துக்கிழமை விடியுறதுக்குள்ள உயிர்த்தெழுந்துட்டார்னா நடுவுல ரெண்டு ராத்திரியும் ஒரு முழுப்பகலும்தான் வருது, ஆனா மத்தேயு 12:40-ல யோனா மீன் வயித்துல இருந்த மாதிரி நானும் இரவும் பகலும் மூணு நாள் பூமிக்குள்ள இருப்பேன்னு இயேசுவே சொல்லியிருக்கார், அப்போ உங்களுக்கு வாட்ஸ்அப்ல வந்த மெசேஜ் சொல்ற மாதிரி அவர் மரிச்சது புதன்கிழமையா, பெரிய வெள்ளின்னு சபை நம்மள ஏமாத்திடுச்சா. கடைசில ஒரு வரி, இனிமே உபவாசத்த புதனுக்கு மாத்திக்கலாமான்னு. இதுல கணக்கு பாதிதான் சகோ. மிச்சப் பாதி, இயேசு சொன்ன வார்த்தை தப்பாப் போச்சோங்கிற பயம், அப்புறம் சின்ன வயசுல இருந்து நம்பிட்டு வந்தது பொய்யோங்கிற சந்தேகம். அதுனால சும்மா ரெண்டு வரில முடிக்காம கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். நான் வேதாகமக் கல்லூரில படிச்சவன், பல வருஷமா சபைகள்ல பைபிள் ஸ்டடி எடுக்குறேன், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து காலம் வந்துட்டாலே இந்தக் கேள்விய யாராவது ஒருத்தர் கொண்டு வந்துடுவாங்க, கேக்குறவங்க பெரும்பாலும் பைபிள நிஜமாவே வாசிக்கிறவங்க.

முதல்ல அடிப்படையான விஷயம். நாம இன்னிக்கு நாள எண்ணும்போது மனசுக்குள்ள கடிகாரத்த வச்சு எண்ணுறோம், மூணு நாள்னா 72 மணி நேரம். பைபிள் எழுதுன ஜனங்க அப்படி எண்ணல. அவங்க காலண்டர்ல எத்தன நாளை ஒரு சம்பவம் தொட்டுச்சுன்னு எண்ணுனாங்க, தொடங்குன நாளும் ஒண்ணு, முடிஞ்ச நாளும் ஒண்ணு, அதுல பத்து நிமிஷம்தான் தொட்டாலும் அது ஒரு நாள்தான். இது நமக்கு ஒண்ணும் புதுசும் கிடையாது, நம்ம ஊர்ல பல வீடுகள்ல பதினாறாம் நாள் காரியத்துக்குத் தேதி குறிக்கும்போது இறந்த நாளையே முதல் நாளா வச்சுத்தான் எண்ணுவாங்க, ராத்திரி பத்து மணிக்கு உசுரு போயிருந்தாலும் அந்த நாள் ஒண்ணாம் நாள்தான், யாரும் மணிக்கணக்கு பாக்க மாட்டாங்க. சரி, இப்படி எண்ணுனாங்கன்னு நான் சொன்னா போதாது, பைபிள்ல இருந்தே காட்டணும்ல.

எஸ்தர் புஸ்தகம்தான் இதுக்கு ரொம்ப நெருக்கமான உதாரணம். எஸ்தர் 4:16-ல எஸ்தர் ராணி சூசான் நகரத்துல இருக்குற யூதர்கள்கிட்ட எனக்காக மூணு நாள் ராவும் பகலும் சாப்பிடாம குடிக்காம உபவாசம் இருங்க, நானும் என் தாதிமாரும் அப்படியே இருப்போம், அதுக்கப்புறம் ராஜாகிட்ட போறேன்னு சொல்றாங்க. அடுத்த அதிகாரம் முதல் வசனத்துலயே மூணாம் நாள்ல ராஜ வஸ்திரம் உடுத்திக்கிட்டு அரமனை முற்றத்துல போய் நிக்கிறாங்க. நாலாம் நாள் இல்ல, மூணாம் நாள். அன்னிக்கே ராஜாவுக்கு விருந்தும் வைக்கிறாங்க. மூணு ராத்திரியும் மூணு பகலும் கடிகாரப்படி முழுசா முடிஞ்சிருக்கணும்னா இது நடந்திருக்கவே முடியாது. எழுதுனவருக்கு இதுல எந்த உறுத்தலும் இல்ல, விளக்கம் குடுக்கணும்னு கூட தோணல, ஏன்னா வாசிக்கிற யூதனுக்கும் அது இயல்பான பேச்சு. ஆதியாகமம் 42:17, 18-ல யோசேப்பு அண்ணன்மார மூணு நாள் காவல்ல வைக்கிறார், மூணாம் நாள்லயே அவங்ககிட்ட பேசி அனுப்பி வைக்கிற ஏற்பாட்ட சொல்றார். 1 இராஜாக்கள் 12-ல ரெகொபெயாம் ஜனங்கள மூணு நாள் கழிச்சு வாங்கன்னு அனுப்புறான், அவங்க ராஜா சொன்னபடியே மூணாம் நாள் வந்து நிக்கிறாங்க. வருஷக் கணக்குலயும் இதே பழக்கம் உண்டு, 2 இராஜாக்கள் 18:9, 10-ல எசேக்கியாவோட நாலாம் வருஷத்துல சமாரியா முற்றுகை ஆரம்பிச்சு ஆறாம் வருஷத்துல பிடிபடுது, அத மூணு வருஷம்னு எழுதியிருக்கு. ஆறுல நாலு போனா ரெண்டுன்னு நாம சொல்லுவோம், அவங்க நாலு, அஞ்சு, ஆறுன்னு விரல் விட்டு எண்ணி மூணும்பாங்க.

புதிய ஏற்பாட்டுக்கு வந்தா எனக்கு ரொம்பப் பிடிச்சது அப்போஸ்தலர் 10. கொர்நேலியுவுக்கு மதியம் மூணு மணி வாக்குல தரிசனம், மறுநாள் மதியம் பேதுரு மொட்டமாடில ஜெபம் பண்றார், அதுக்கு மறுநாள் கிளம்புறார், அதுக்கும் மறுநாள் செசரியாவுக்கு வந்து சேர்றார். நம்ம கணக்குல சரியா மூணு நாள். ஆனா 30-ம் வசனத்துல கொர்நேலியு என்ன சொல்றான், நாலு நாளைக்கு முன்னாடி இதே நேரத்துலங்கிறான். ஒரு ரோம நூற்றுக்கு அதிபதியே அப்படித்தான் எண்ணுறான்னா இது யூதங்க மட்டும் வச்சிருந்த வழக்கம் இல்லன்னும் தெரியுது, ரோமர்களும் தேதி எண்ணும்போது ரெண்டு முனையையும் சேத்துத்தான் எண்ணுவாங்க. யோவான் 20:26-ல தோமாவுக்கு இயேசு தரிசனமானது எட்டு நாளைக்குப் பிறகுன்னு இருக்கு, அத அடுத்த ஞாயித்துக்கிழமைன்னுதான் ஆதிகாலம் தொட்டே சபை வாசிச்சுட்டு வருது.

இது செத்துப்போன பழைய வழக்கமும் இல்ல, உங்க சபை காலண்டர எடுத்து எண்ணிப் பாருங்க. 2025-ல ஈஸ்டர் ஏப்ரல் 20, பரமேறுதல் மே 29, பெந்தெகொஸ்தே ஜூன் 8. பரமேறுதல் 40-ம் நாள், பெந்தெகொஸ்தே 50-ம் நாள்னு சொல்றோம், ஆனா கழிச்சுப் பாத்தா 39-ம் 49-ம்தான் வரும். ஈஸ்டர் ஞாயிறயே ஒண்ணாம் நாளா வச்சு எண்ணுனாதான் 40-ம் 50-ம் சரியா வியாழக்கிழமையிலயும் ஞாயித்துக்கிழமையிலயும் போய் உக்காரும். ஆக புதன்கிழமைதான்னு வாதாடுறவங்க கூட பெந்தெகொஸ்தே பண்டிகைய இந்தப் பழைய கணக்குலதான் கொண்டாடிட்டு இருக்காங்க. லெந்து 40 நாளுக்கு மட்டும் வேற கணக்கு, சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரைக்கும் 46 நாள் வரும், அதுல ஆறு ஞாயிறும் உயிர்த்தெழுதலோட நாள்ங்கிறதால உபவாசக் கணக்குல சேராது, மிச்சம் 40.

இப்போ உங்க கேள்வியோட மையத்துக்கு வருவோம். இயேசு தன்னோட மரணத்தப் பத்தி முன்னாடியே சொன்ன இடங்கள வரிசையா வச்சுப் பாத்தா, மத்தேயு 16:21, 17:23, 20:19 மூணுலயும் மூணாம் நாள்லன்னு இருக்கு. மாற்கு 8:31-ல மூணு நாளைக்குப் பின்னாடின்னு இருக்கு, அதே பேச்ச லூக்கா 9:22-ல எழுதும்போது மூணாம் நாள்னு எழுதுறார். பவுலும் 1 கொரிந்தியர் 15:4-ல தனக்கு முன்னாடியே இருந்த விசுவாச அறிக்கையச் சொல்லும்போது மூணாம் நாள்ங்கிறார். மூணு ராத்திரின்னு புதிய ஏற்பாட்டுல வர்றது ஒரே ஒரு இடத்துலதான், அது மத்தேயு 12:40, அதுவும் யோனா 1:17-ல இருக்குற வார்த்தைய அப்படியே எடுத்துச் சொல்ற இடம். அந்த ஒரு வசனத்த அளவுகோலா வச்சு மத்த எல்லா வசனத்தையும் வளைக்கிறதா, இல்ல மத்த எல்லா வசனமும் காட்டுற வெளிச்சத்துல அந்த ஒண்ணப் புரிஞ்சுக்கிறதான்னு யோசிங்க. இதுல இன்னொண்ணும் இருக்கு, அந்த மூணு ராத்திரியையும் மேல சொன்ன 16:21-ஐயும் எழுதுனது ஒரே மத்தேயு. பன்னெண்டாம் அதிகாரத்துல மூணு ராத்திரின்னு எழுதுன அதே ஆளு நாலு அதிகாரம் தள்ளி மூணாம் நாள்னு எழுதும்போது அவருக்கு ரெண்டும் இடிக்கல.

இதுக்கெல்லாம் மேல மத்தேயு 27:63, 64. பிரதான ஆசாரியரும் பரிசேயரும் பிலாத்துகிட்ட போய், அந்த எத்தன் உயிரோட இருந்தப்ப மூணு நாளைக்குப் பின்னாடி எழுந்திருப்பேன்னு சொன்னது ஞாபகம் இருக்கு, அதுனால மூணாம் நாள் வரைக்கும் கல்லறைக்குக் காவல் போடுங்கன்னு கேக்குறாங்க. இவங்க இயேசுவோட வார்த்தைல குத்தம் கண்டுபிடிக்கணும்னே அலஞ்ச ஆளுங்க, ஒரு மணி நேர ஓட்டைய கூட விடமாட்டாங்க. மூணு நாளைக்குப் பின்னாடின்னா 72 மணி நேரம் முடிஞ்ச பிறகுன்னு அவங்க புரிஞ்சிருந்தா மூணாம் நாள் வரைக்கும் காவல் கேட்டிருக்கவே மாட்டாங்க, நாலாம் நாளும் சேத்துக் கேட்டிருப்பாங்க, ஏன்னா சீஷர்கள் உடல திருடிட்டுப் போற ஆபத்து அப்பதானே ஜாஸ்தி. எதிரியே அந்தப் பேச்ச மூணாம் நாள்னுதான் புரிஞ்சிருக்கான். இதுக்கு மேல பலமான சாட்சி எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல. அதோட லூக்கா 13:32-ஐயும் வாசிங்க, இன்னைக்கும் நாளைக்கும் வேலை செஞ்சு மூணாம் நாள்ல முடிவுக்கு வருவேன்னு ஏரோதுக்குச் சொல்லி அனுப்புறார். இன்னைக்கு, நாளைக்கு, மூணாம் நாள். வெள்ளி, சனி, ஞாயிறு. அவரே எப்படி எண்ணுவார்னு அவர் வாயாலயே இருக்கு.

யூத ரபீக்களோட பேச்சுலயும் இதுக்கு ஆதாரம் உண்டு. முதல் நூற்றாண்டு முடிவு, ரெண்டாம் நூற்றாண்டு ஆரம்பத்துல வாழ்ந்த எலெயாசார் பென் அசரியாங்கிற ரபி ஒரு பகலும் ஒரு இரவும் சேந்தது ஒரு கணக்கு, அதுல ஒரு பகுதி முழுசுக்குச் சமம்னு சொன்னதா யூத சட்ட விளக்கத் தொகுப்பான எருசலேம் தல்மூத்ல இருக்கு. தீட்டு சம்பந்தமான சட்டத்துக்காகச் சொன்னது அது, இயேசுவோட கல்லறைக்காகச் சொன்னதில்ல, எழுத்துல தொகுத்ததும் பிற்காலத்துலதான், அதுனால இத ஒரு துணைச் சாட்சியா மட்டும்தான் நான் வைப்பேன், சிலர் இத ஒண்ண மட்டும் சொல்லிட்டு வாதம் முடிஞ்சதுன்னு போயிடுறாங்க, அது சரியில்ல. ஆனா யூதங்க துக்கம் காக்குற ஏழு நாள்ல இன்னிக்கும் ஏழாம் நாள் காலைல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எழுந்துடுவாங்க, நாளோட ஒரு பகுதி முழு நாளுக்குச் சமம்ங்கிற அதே விதிதான்.

இப்போ புதன்கிழமைக் கட்சி. அவங்கள முட்டாள்கள்னு ஒதுக்கக் கூடாது, வேதத்த அப்படியே நம்பணும்ங்கிற ஆசையிலதான் இத சொல்றாங்க. ஆர்.ஏ. டாரி மாதிரி மதிப்புக்குரிய சுவிசேஷகரும், வேதாகம அறிஞர் இ.டபிள்யூ. புல்லிங்கரும் புதன்கிழமைய ஆதரிச்சவங்கதான். இருபதாம் நூற்றாண்டுல இத பெரிய அளவுல பரப்புனது அமெரிக்காவுல ஹெர்பர்ட் டபிள்யூ. ஆர்ம்ஸ்ட்ராங், புதன் சூரியன் மறையுறப்ப அடக்கம், சனி சூரியன் மறையுறப்ப உயிர்த்தெழுதல், சரியா 72 மணி நேரம்னு அவர் போதிச்சார். அவரோட ரேடியோ பேச்சும் இலவசப் பத்திரிகையும் பல நாட்டுக்குப் போச்சு, 1986-ல அவர் இறந்த பிறகு அவரோட சபையே தொண்ணூறுகள்ல அவர் போதனைகள் பலதையும் கைவிட்டுடுச்சு. உங்களுக்கு வந்த மெசேஜ்ல இருக்குற வாதம் கிட்டத்தட்ட அவரோடது மாதிரியேதான் இருக்கு.

அவங்களோட வாதத்துல ரெண்டு இடம் நிஜமாவே யோசிக்க வைக்கும். ஒண்ணு, யூதங்க வேலை செய்யாத ஓய்வுநாள் வழக்கமா சனிக்கிழமை, ஆனா யோவான் 19:31-ல அந்த ஓய்வுநாள் பெரிய நாள்னு இருக்கு, அது சனிக்கிழமை இல்ல, யூதங்களோட பஸ்கா பண்டிகைய ஒட்டி வர்ற பண்டிகை ஓய்வுநாள், அது வியாழக்கிழமைம்பாங்க. பண்டிகை நாளும் ஓய்வுநாளா இருக்குங்கிறது லேவியராகமம் 23-படி உண்மைதான். ஆனா பண்டிகை நாள் சனிக்கிழமையோட சேந்து வந்தா அதுவும் பெரிய ஓய்வுநாள்தானே, அதுக்கு ரெண்டு தனி நாள் தேவையில்ல. இன்னொண்ணு, மாற்கு 16:1-ல ஓய்வுநாள் முடிஞ்ச பிறகு பெண்கள் இயேசுவோட உடலுக்குப் பூச சுகந்தவர்க்கம் வாங்குனாங்க, லூக்கா 23:56-ல சுகந்தவர்க்கத்த ஆயத்தம் பண்ணிட்டு ஓய்வுநாள்ல ஓய்ந்திருந்தாங்க, அப்போ ரெண்டு ஓய்வுநாளுக்கு நடுவுல ஒரு வேலை நாள், வெள்ளிக்கிழமை, இருந்திருக்கணும்ங்கிறது. இது அவங்களோட நல்ல வாதம். வெள்ளி சாயங்காலம் கையில இருந்தத வச்சு கொஞ்சம் தயார் பண்ணி, சனி பொழுது சாஞ்சு ஓய்வுநாள் முடிஞ்சதும் மிச்சத்த வாங்கியிருக்கலாம், அப்படித்தான் பெரும்பாலான வியாக்கியானிகள் சொல்றாங்க, ஆனா அது ஒரு அனுமானம்தான், சுவிசேஷத்துல எழுதியிருக்கிற செய்தி இல்ல. அதே நேரத்துல நான் திருப்பி ஒண்ணு கேப்பேன், நடுவுல ஒரு முழு வேலை நாள் சும்மா இருந்துச்சுன்னா அந்தப் பெண்கள் அன்னிக்கே கல்லறைக்குப் போயிருக்க மாட்டாங்களா? அவங்க போக்கு எப்படி இருக்குன்னா ஓய்வுநாள் எப்படா முடியும்னு காத்திருந்து, இருட்டோட இருட்டா கிளம்பி ஓடுறாங்க. வெள்ளிக்கிழமை பூரா கையில சுகந்தவர்க்கத்த வச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருந்து ஞாயிறுக்குப் போனாங்கன்னா அது எனக்கு ஒத்துவரல.

புதன்கிழமைக்கு நேரடியான இடைஞ்சல் எம்மாவுங்கிற ஊருக்குப் போற வழிதான். லூக்கா 24-ல உயிர்த்தெழுந்த அதே ஞாயித்துக்கிழமை, ரெண்டு சீஷர்கள் அங்க நடந்து போறாங்க, பிரதான ஆசாரியர்கள் அவர சிலுவைல அறஞ்சதச் சொல்லிட்டு இது நடந்து இன்னிக்கு மூணாம் நாள்ங்கிறாங்க. ஞாயிறுல இருந்து பின்னாடி எண்ணுங்க, ரெண்டு முனையும் சேத்தா வெள்ளி வரும். முதல் நாள விட்டுட்டு எண்ணுனாலும் வியாழன் வரும். புதன் மட்டும் எந்த வகையிலயும் வராது. கல்லறைக்கு முத்திரை போட்ட நாள்ல இருந்து எண்ணணும்னு சிலர் சமாளிப்பாங்க, ஆனா அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரான கிலெயோப்பா பேசுறது சிலுவையப் பத்தி, முத்திரையப் பத்தி அங்க பேச்சே இல்ல. வியாழக்கிழமைன்னு சொல்றவங்களும் இருக்காங்க, பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் வெஸ்ட்காட் அப்படி நினச்சார், புதனவிட அது மேல்தான், மூணு ராத்திரியும் கிடைச்சிடும், ஆனா மாற்கு 15:42-ல ஆயத்தநாள், அதாவது ஓய்வுநாளுக்கு முந்தின நாள்னு விளக்கமே குடுத்து எழுதியிருக்குறதையும் லூக்கா 23:56 முடிஞ்ச கையோட 24:1-ல வாரத்தோட முதல் நாள் விடியுறதையும் வச்சுப் பாக்கும்போது சாதாரணமா வாசிக்கிறவனுக்கு வெள்ளி, சனி, ஞாயிறுன்னு மூணும் அடுத்தடுத்துதான் நிக்கும். சனிக்கிழமை ஓய்வுநாள இன்னிக்கும் கண்டிப்பா ஆசரிக்கிற அட்வென்டிஸ்ட் சபையே சிலுவை வெள்ளிக்கிழமைன்னுதான் சொல்றாங்கங்கிறதையும் கவனிங்க, ஞாயிறு ஆராதனையோட பாரம்பரியத்தக் காப்பாத்துறதுக்காக அவங்க அத சொல்லணும்ங்கிற அவசியமே கிடையாது.

அப்போ மூணாவது ராத்திரி எங்கன்னு நீங்க கேப்பீங்க. நேர்மையா சொல்லணும்னா வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி, அவ்வளவுதான், மூணாவது ராத்திரின்னு தனியா ஒண்ணு இல்ல. இது இருபதாம் நூற்றாண்டுல கண்டுபிடிச்ச சிக்கலும் இல்ல, ஆதிச்சபைக்கே தெரியும். சீரியாப் பக்கத்துல மூணாம் நூற்றாண்டுல எழுதுன டிடஸ்காலியாங்கிற சபை ஒழுங்குப் புஸ்தகத்துல வெள்ளிக்கிழமை மதியம் வந்த மூணு மணி நேர இருட்ட ஒரு ராத்திரியா எண்ணிக் காட்டுறாங்க. பாரசீகத்துல இருந்த அஃப்ராஹத்ங்கிற சபை ஆசிரியர் இன்னும் ஒரு படி மேல போய், சிலுவைக்கு முந்தின ராத்திரி மேல்வீட்டுப் பந்தியில தன் சரீரத்த சீஷர்களுக்குக் குடுத்த நேரத்துல இருந்தே எண்ணணும்னு சொன்னார். எனக்கு இதுல பக்தி தெரியுது, ஆனா வசனத்துல அப்படி எண்ணச் சொல்லி எங்கயும் இல்ல, அதுனால நான் இத போதிக்கிறதில்ல. சபைப் பிதா அகஸ்டின் சொன்னதுதான் நிலச்சுது, முதல் நாளோட கடைசிப் பகுதியும் மூணாம் நாளோட முதல் பகுதியும் முழு நாளா எண்ணப்படுது, பகுதியச் சொல்லி முழுசக் குறிக்கிறதுன்னு. இரவும் பகலும் மூணு நாள்ங்கிறத ஒரே சொற்கட்டா, மூணு காலண்டர் நாள்ங்கிற அர்த்தத்துல எடுத்துக்கிறது. இதுக்கு எஸ்தர் நல்ல சாட்சி. 1 சாமுவேல் 30:12, 13-ல மூணு நாள் ராப்பகலா சாப்பிடாம கிடந்த எகிப்தியனோட கதையையும் காட்டுவாங்க, அது அவ்வளவு பலமில்ல, ரெண்டு விதமாவும் வாசிக்கலாம். ஆக இந்தப் பேச்சு வழக்குக்கு பைபிள்லயே ஆதாரம் உண்டு, ஆனா நூறு உதாரணம் ஒண்ணும் கிடையாது, நாலஞ்சுதான். மூணாம் நாள்ங்கிறது ரொம்ப உறுதி, வெள்ளிக்கிழமைங்கிறதும் உறுதிக்குப் பக்கத்துல, மூணு ராத்திரிங்கிற சொற்கட்டுக்குக் குடுக்குற விளக்கம் நல்ல விளக்கம், அத கணிதச் சூத்திரம் மாதிரி நிரூபிக்க முடியாது.

கிழமை உறுதின்னா தேதியும் உறுதியான்னு பாத்தா, அங்க நிலைமை வேற. மத்தேயு, மாற்கு, லூக்கா மூணு பேரும் கடைசிப் பந்தியையே பஸ்கா பந்தியாக் காட்டுறாங்க, அப்போ சிலுவை யூதக் காலண்டர்ல நிசான் மாசம் 15. யோவான் 18:28-ல இயேசுவ பிலாத்துகிட்ட கூட்டிட்டுப் போற காலையில ஆசாரியர்கள் இன்னும் பஸ்கா சாப்பிடல, அப்போ நிசான் 14. இத ஒட்டவைக்க பல முயற்சி நடந்திருக்கு, 1957-ல ஆனி ஜோபேர்ங்கிற பிரெஞ்சு ஆய்வாளர் சாக்கடல் பக்கத்துல கும்ரான்ல இருந்த யூதக் குழுவோட சூரியக் காலண்டர வச்சு பந்தி செவ்வாய்க்கிழமையே நடந்திருக்கும்னு எழுதுனாங்க, பரபரப்பாப் பேசுனாங்க, ஆனா அறிஞர்கள் பெரும்பாலும் ஏத்துக்கல. வருஷமும் அப்படித்தான், கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 ரெண்டுதான் முன்னணியில நிக்குது, 1983-ல ஹம்ப்ரீஸ், வாடிங்டன்னு ரெண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆளுங்க சந்திர கிரகணத்த வச்சு 33-ஐ ஆதரிச்சு நேச்சர் பத்திரிகையில எழுதுனாங்க, முப்பதுன்னு சொல்றவங்களும் குறையல. ரெண்டு தேதியுமே வெள்ளிக்கிழமைங்கிறத மட்டும் பாத்துக்கோங்க. இது இன்னும் தீராத விஷயம், யாராவது இந்தத் தேதிதான்னு அடிச்சுச் சொன்னா கொஞ்சம் தள்ளியே நில்லுங்க.

உங்க பதிவுக்குக் கீழ ஒருத்தர் அப்படின்னா ஆதியாகமத்துல இருக்குற ஆறு நாளையும் இப்படி இழுக்கலாமான்னு கேட்டிருந்தார். முடியாது. நான் மேல சொன்னது நாள எப்படி எண்ணுறதுங்கிறதப் பத்தி, ஒரு நாள்னா எவ்வளவு நீளம்ங்கிறது வேற கேள்வி. அதுல கிறிஸ்தவங்க நாலாம், அஞ்சாம் நூற்றாண்டுகள்லயே ரெண்டு பக்கமா நின்னாங்க, செசரியா ஆயர் பசிலியு அத சாதாரண 24 மணி நேர நாள்னார், அகஸ்டின் கடவுள் எல்லாத்தையும் ஒரே நேரத்துல படச்சார், ஆறு நாள்ங்கிறது நாம கடிகாரத்துல பாக்குற நாள் இல்லன்னார், அவங்க ரெண்டு பேரும் டார்வினுக்குப் பயந்து பேசுனவங்க இல்ல. தீர்க்கதரிசனத்துல ஒரு நாள ஒரு வருஷமா எண்ணுறது மூணாவது விஷயம். எண்ணாகமம் 14:34-லயும் எசேக்கியேல் 4:6-லயும் கடவுளே அந்தந்த இடத்துக்கு அப்படி எண்ணச் சொல்லியிருக்கார், அத எடுத்து தானியேல் 8:14-ல இருக்குற 2300 நாளுக்குப் போட்டு, கி.மு. 457-ல இருந்து எண்ணி, அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் மில்லர் 1843 வாக்குல கர்த்தர் வருவார்னார், கி.மு. 1-க்கு அடுத்து நேரா கி.பி. 1 தான், நடுவுல பூஜ்ஜிய வருஷம் கிடையாதுங்கிறது அப்புறம்தான் கணக்குல வந்துச்சு, அது 1844-க்குப் போய், கடைசியா அக்டோபர் 22-ன்னு ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான பேர் காத்திருந்தாங்க, விளைஞ்ச பயிர அறுக்காம வயல்லயே விட்டவங்க கூட உண்டு. அந்த ஜனங்களோட மனசு மறுநாள் காலைல என்ன பாடுபட்டிருக்கும்னு நினச்சா எனக்கு இன்னிக்கும் கஷ்டமா இருக்கும். ஒரு இடத்துல சொன்ன விதிய அனுமதி இல்லாம இன்னொரு இடத்துக்குத் தூக்கிட்டுப் போறதுல வர்ற வினை அது, 2 பேதுரு 3:8-ல ஒரு நாள் ஆயிரம் வருஷம் போலன்னு இருக்குறதையும் சிலர் வாய்ப்பாடு மாதிரி போட்டுக் கணக்குப் பாக்குறாங்க, பேதுரு அங்க சொல்றது கர்த்தர் தாமதிக்கிறார்னு நினைக்காதீங்கன்னுதான், அது தேதி கணக்குப் போடுறதுக்கு நேர் எதிர்.

உபவாசத்தப் பத்திக் கேட்டீங்கல்ல. புதன்கிழமை உபவாசம் ஒண்ணும் புதுசு இல்ல, முதல் நூற்றாண்டு வாக்குல எழுதுன டிடாக்கேங்கிற சபைப் புஸ்தகத்துலயே புதனும் வெள்ளியும் உபவாசம் இருங்கன்னு இருக்கு, புதன்ல யூதாஸ் காட்டிக்குடுக்க ஒத்துக்கிட்டான், வெள்ளில சிலுவைன்னு பின்னால வந்தவங்க காரணம் சொன்னாங்க, கீழைச் சபைகள்ல இன்னிக்கும் அந்த ரெண்டு நாளும்தான். அதுனால புதன்ல இருக்கணும்னு மனசுல பட்டா தாராளமா இருங்க, ரோமர் 14-ல நாட்கள விசேஷிக்கிற விஷயத்துல அவனவன் தன் மனசுல நிச்சயப்படட்டும்னு பவுல் விட்டுட்டார். வெள்ளிய விடவேண்டிய அவசியம் இல்ல, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனைக்கு எப்பவும் போல போங்க. மெசேஜ் அனுப்புனவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, மத்தேயு 27:63, 64-ம் லூக்கா 24:20, 21-ம் அனுப்பி இத எப்படி எண்ணுறீங்கன்னு மட்டும் கேளுங்க, அவர் என்ன பதில் சொல்றார்னு இங்கயே எழுதுங்க, சேந்து பாப்போம்.